அச்சுறுத்தல் நிறைகளை 20% மாற்றினாலும் வரைபடம் அசையவில்லை. இதை நம்பலாமா? (பெல்லன்வில, கொலன்னாவைச் சதுப்பு நிலங்கள்)

நாணல்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களின் வாழிடத் தரத்தை என் மாஸ்டர்ஸ் ஆய்வுக்காக மதிப்பிடுகிறேன். பெல்லன்வில - அத்திடிய சரணாலயம், தலங்கம குளம், பெத்தகான, தியசரு பூங்கா, கொலன்னாவைச் சதுப்பு எல்லாம் என் எல்லைக்குள் வருகின்றன. பயன்படுத்துவது இன்வெஸ்ட் என்ற இலவச மென்பொருளின் வாழிடத் தர மாதிரி. நிலப்பரப்பு வகையையும் சுற்றியுள்ள அச்சுறுத்தல்களையும் வைத்து, வரைபடத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் (சிறு சதுரத்துக்கும்) அது தரம் கணக்கிடும். நிலப்பரப்பு வகைகளுக்கு வேர்ல்ட்கவர் 2021 என்ற 10 மீற்றர் செய்மதி வரைபடம், வீதிகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மெப். ஆகாயத்தாமரை மூடிய இடங்களையும் அனோனா கிளாப்ரா என்ற ஆக்கிரமிப்பு மரம் அடைத்த இடங்களையும் செய்மதிப் படத்தில் நானே வரைந்து, பிறகு நடந்து பார்த்துத் திருத்தினேன்.

என் அச்சுறுத்தல் அட்டவணை (நிறை என்பது அச்சுறுத்தல் எவ்வளவு முக்கியம் என்ற எண், உச்ச தூரம் அதன் தாக்கம் எட்டும் எல்லை, தேய்வு தூரத்தோடு தாக்கம் குறையும் விதம்):

கட்டடப் பரப்பு: நிறை 1.0, உச்ச தூரம் 5 கி.மீ., நேர்கோட்டுத் தேய்வு
பிரதான வீதி: 0.8, 1 கி.மீ., நேர்கோட்டுத் தேய்வு
சிறு வீதி: 0.5, 0.5 கி.மீ., நேர்கோட்டுத் தேய்வு
குப்பை கொட்டிய இடம்: 0.6, 2 கி.மீ., அடுக்குக்குறித் தேய்வு
ஆக்கிரமிப்புத் தாவரம்: 0.6, 0.5 கி.மீ., அடுக்குக்குறித் தேய்வு

நிறைகள், இத்துறையில் வேலை செய்யும் சிலரிடம் படிவம் கொடுத்து வாங்கிய எண்களின் சராசரி. தூரங்கள் வேறு ஆய்வுகளில் இருந்து எடுத்தவை.

முன்னேற்ற மீளாய்வில் ஒருவர், "இந்த 0.8, 0.6 எல்லாம் எங்கிருந்து வந்தன? 0.7 போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு நிறையையும் தனித்தனியாக 20% கூட்டியும் குறைத்தும் மாதிரியை ஓட்டினேன். முழுப் பரப்பின் சராசரித் தரம் மூன்றாம் தசமத்தில்தான் அசைந்தது. ஸ்பியர்மன் தரவரிசை இணைவும் ஒன்றை ஒட்டியே நிற்கிறது, அதாவது பிக்சல்களின் வரிசை ஏறக்குறைய மாறவில்லை.

"முடிவுகள் நிறைகளால் பாதிக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. அத்திடியப் பக்கம் கால்வாய்க் கரையில் நின்றால் அனோனாப் பழங்கள் மஞ்சளாகத் தண்ணீரில் மிதந்து போகின்றன, அடியில் ஒரு நாணல்கூட இல்லை, நிழலும் சேறும்தான். கொஞ்சம் உள்ளே போனால் நாணல் திறந்து, நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு நடுவைக் கடித்துத் தின்கிறது. என் வரைபடத்தில் இரண்டு இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். நிறையை எப்படி மாற்றினாலும் அந்த ஒரே நிறம்தான்.

20% போதுமா? ஒவ்வொன்றாக மாற்றுவது சரியான முறையா? ஆயிரம் தடவை ஓட்டச் சொல்லாதீர்கள், என்னிடம் 8 ஜிபி லெப்டொப்தான் இருக்கிறது, ஒரு ஓட்டத்துக்கே ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம்.

பிக்சல்காரன்:

ஒவ்வொன்றாக மாற்றுவது போதாது. இரண்டு நிறைகள் சேர்ந்து மாறினால் என்ன ஆகும் என்று அது காட்டாது. மொரிஸ் முறையைப் பாருங்கள். ஒரு பாதையில் அளவுருக்களை ஒவ்வொன்றாக மாற்றி, அதையே வெவ்வேறு தொடக்க எண்களில் இருந்து திரும்பச் செய்வது அது. ஐந்து நிறை, ஐந்து தூரம், அரை நிறைவு மாறிலி கே (தரம் பாதியாகக் குறையும் சீரழிவு அளவு), ஆக மொத்தம் 11 அளவுருக்கள். 10 பாதைகள் எடுத்தால் 10 × 12 = 120 ஓட்டங்கள். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். பைதனில் சாலிப் என்ற நூலகம் அளவுருக்களுக்கு எண்களைத் தெரிவதையும் கணக்கையும் செய்து தரும். ஒவ்வொரு அளவுருவின் பங்கையும் அளக்கும் சோபொல் சுட்டிகளுக்குப் போனால் ஓட்டங்கள் பத்தாயிரத்தைத் தாண்டும், அது உங்கள் லெப்டொப்பில் நடக்காது.

வேரஸ்_ஓரம்:

தங்கச்சி, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்த ஒரு வரியை எழுதாதீர்கள்.

நான் பொரலஸ்கமுவப் பக்கம் வளர்ந்தவள், இந்த ஈரநில வரைபட வேலையில் பல வருடமாக இருக்கிறேன். நிறைகள் முக்கியமில்லை என்று உங்கள் சோதனை சொல்லவில்லை. நிறைகள் வேலை செய்ய இடமில்லாதபடி அட்டவணை அமைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மாதிரி உங்கள் நிறைகளை அப்படியே எடுப்பதில்லை. எல்லா நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பங்காக்கித்தான் எடுக்கிறது. ஒரு பாணை ஐந்து பேருக்கு வெட்டுகிற மாதிரி: ஒருவருக்குத் துண்டு பெருத்தால் மற்ற நால்வருக்கும் சிறுக்கும், பாண் பெரிதாகாது. உங்கள் கூட்டுத்தொகை 3.5. கட்டடத்தின் பங்கு 1.0 / 3.5, அதாவது 28.6%. அதை 1.2 ஆக்கினால் கூட்டுத்தொகை 3.7, பங்கு 32.4%. நீங்கள் 20% கூட்டினீர்கள், உண்மையில் பங்கு கூடியது 13.5% மட்டும். 0.8 ஆகக் குறைத்தால் பங்கு 24.2%, அது 15.2% குறைவு. கூட்டுவதும் குறைப்பதும் சமமாகக்கூட இல்லை. சிறு வீதியை 0.5இலிருந்து 0.6 ஆக்கினால் அதன் பங்கு 16.7% கூடுகிறது. ஆகவே ஐந்து அச்சுறுத்தலுக்கும் ஒரே அளவு சோதனை நடந்ததாகச் சொல்ல முடியாது. பங்குகளின் மேல்தான் சோதனை செய்யவேண்டும். ஐந்து பங்கும் சேர்ந்து எப்போதும் ஒன்றாக வரும்படி எழுமாறாக எடுக்க டிரிஷ்லே பரம்பல் இருக்கிறது, பைதனின் நம்பை நூலகத்தில் ஒரே வரி. அதன் அளவுருவான அல்ஃபாவை எல்லாவற்றுக்கும் 1 எனக் கொடுத்தால் சாத்தியமான எல்லாப் பங்கீடுகளும் சம வாய்ப்போடு வரும். நிபுணர்களின் எண்களைச் சுற்றியே வேண்டுமென்றால் அந்தப் பங்குகளை ஒரு மாறிலியால் பெருக்கி அல்ஃபாவாகக் கொடுங்கள். மாறிலி பெரிதானால் சிதறல் சிறிதாகும். நிபுணர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபட்டார்களோ அவ்வளவு சிதறல் வருகிற மாதிரி அந்த மாறிலியைத் தெரியுங்கள். 20% என்பது யாரோ வசதிக்கு வைத்த எண். உங்கள் படிவங்களில் ஒருவர் குப்பைக்கு 0.9உம் இன்னொருவர் 0.3உம் போட்டிருந்தால் உங்கள் நிச்சயமின்மை 20% இல்லை. சராசரி எடுக்கும்போது அந்தக் கருத்து வேறுபாட்டை எறிந்துவிடுகிறோம், உணர்திறன் பகுப்பாய்வுக்குத் தேவையானதே அதுதான்.

அடுத்தது தூரம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கட்டடத்துக்கு 5 கி.மீ. போட்டிருக்கிறீர்கள். பெல்லன்வில - அத்திடிய சரணாலயம் மொத்தம் 372 ஹெக்டேயர்தான், அதுவும் வேரஸ் கங்கையையும் கால்வாய்களையும் ஒட்டி ஒழுங்கில்லாத வடிவத்தில். எந்த மூலையில் நின்றாலும் ஒரு கிலோமீற்றருக்குள் ஒரு கூரை இருக்கும். நேர்கோட்டுத் தேய்வில், வீட்டு மதிலில் இருந்து 30 மீற்றரில் உள்ள பிக்சலுக்குத் தாக்கம் 0.994. நடுவில் 300 மீற்றர் தள்ளி உள்ளதற்கு 0.94. மதிலோரமும் நடுச்சதுப்பும் கட்டடத்தின் பார்வையில் ஒன்றுதான் என்றாகிவிட்டது! இப்படித் தட்டையான ஒரு லேயரின் நிறையைக் கூட்டினால் எல்லாப் பிக்சலும் ஒரே அளவு இறங்கும், தரவரிசை எப்படி மாறும்? அதே கட்டடத்துக்கு 1 கி.மீ. வைத்தால் 0.97உம் 0.70உம் வரும், அப்போதுதான் நிறைக்குப் பேச ஏதாவது இருக்கும். 5 கி.மீ. என்பது பெரிய, பரந்த வாழிடங்களுக்குப் பொருந்தலாம். தெஹிவளைக்கும் பொரலஸ்கமுவைக்கும் நடுவில் கிடக்கும் ஒரு சதுப்புக்கு அதைக் கொண்டுவந்து போட்டால் மாதிரி குருடாகிவிடும்.

மூன்றாவது, லேயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது. கொழும்பில் கட்டடம் உள்ள இடத்தில் சிறு வீதி இருக்கும், சிறு வீதி உள்ள இடத்தில் கட்டடம் இருக்கும். கட்டடத்தில் இருந்து நிறையை எடுத்து வீதிக்குக் கொடுத்தாலும் அதே பிக்சல்கள்தான் அடி வாங்கும். ஐந்து லேயருக்கும் இடையே இணைவு அட்டவணை ஒன்று போட்டுப் பாருங்கள். இரண்டு லேயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அவற்றை ஒரு குழுவாகவே சோதியுங்கள். தனித்து நிற்கப்போவது ஆக்கிரமிப்புத் தாவரமும் குப்பையும்தான். இந்த நகரத்தில் அவற்றின் நிறைதான் உண்மையான கேள்வி.

இனி லெப்டொப் பிரச்சினை. ஆயிரம் ஓட்டம் தேவையே இல்லை. ஒரு பிக்சலின் மொத்தச் சீரழிவு என்பது ஒவ்வொரு அச்சுறுத்தலும் தரும் சீரழிவை அதனதன் பங்கால் பெருக்கிக் கூட்டியதுதான், வேறொன்றுமில்லை. ஆகவே அட்டவணையில் ஒரே ஒரு அச்சுறுத்தலை மட்டும் வைத்து மாதிரியை ஓட்டுங்கள். நிறை என்ன போட்டாலும் பங்கு ஒன்றாகிவிடும், வருகிற சீரழிவு ராஸ்டர் (பிக்சல் வரைபடம்) அந்த அச்சுறுத்தலுக்கே உரியது. இப்படி ஐந்து ராஸ்டர். அப்புறம் இன்வெஸ்ட்டை மூடிவிட்டு நம்பையைத் திறவுங்கள். எந்தப் பங்கீடு வேண்டுமோ அதால் பெருக்கிக் கூட்டினால் மொத்தச் சீரழிவு. அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணோடு கேயின் 2.5 அடுக்கைக் கூட்டிய தொகையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, வாழிடப் பொருத்தத்தால் (அந்த நிலப்பரப்பு வகை வாழிடமாக எவ்வளவு உகந்தது என்ற 0 முதல் 1 வரையான எண்) பெருக்கினால் தரம். சதுப்புப் பிக்சல்களை மட்டும் எடுத்தால் பத்தாயிரம் பங்கீடும் உங்கள் லெப்டொப்புக்குத் தாங்கும், ஒவ்வொன்றாக ஓட்டி எண்ணிக்கையை மட்டும் சேமியுங்கள், எல்லா ராஸ்டரையும் நினைவகத்தில் வைக்கவேண்டாம். தொடங்கும் முன், உங்கள் அசல் நிறைகளால் கூட்டிய ராஸ்டரும் இன்வெஸ்ட் நேரே தந்த ராஸ்டரும் ஒன்றா என்று கழித்துப் பாருங்கள்.

தூரங்களுக்கும் இதே வழிதான். ஒவ்வொரு அச்சுறுத்தலுக்கும் ஐந்து தூரம் வைத்தால் 25 ஓட்டங்கள், அவற்றின் எல்லாச் சேர்க்கையும் கைக்குள் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: எல்லா ஓட்டத்தையும் இன்வெஸ்ட்டின் ஒரே பதிப்பில் செய்யுங்கள். பழைய பதிப்புகள் சுற்றியுள்ள அச்சுறுத்தல் பிக்சல்கள் எல்லாவற்றின் தாக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டன. புதியவை மிகக் கிட்டிய அச்சுறுத்தலுக்கு உள்ள தூரத்தை மட்டும் பார்க்கின்றன. அடர்ந்த நகரத்தில் இந்த இரண்டும் தரும் படங்கள் வேறு வேறு.

சராசரியையும் விட்டுவிடுங்கள். இந்த நகரத்தில் யாரும் சராசரியில் மண் போட்டு நிரப்புவதில்லை. ஒரு மூலையில், ஒரு காணியில், இரண்டு லொறி மண்ணோடுதான் தொடங்கும். 2018இல் துபாயில் நடந்த ராம்சார் (சர்வதேச ஈரநில உடன்படிக்கை) மாநாட்டில் முதன்முதலாக ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெயர் நிலைப்பதும் போவதும் இந்தத் துண்டுக் காணிகளில்தான். எனவே கேள்வியை மாற்றுங்கள். காப்பாற்றவேண்டிய முதல் ஐந்தில் ஒரு பங்கு என்று நீங்கள் பரிந்துரைக்கப்போகும் பிக்சல்களில், எவை எந்தப் பங்கீட்டிலும் அந்தப் பட்டியலில் நிற்கின்றன, எவை வந்து வந்து போகின்றன? அதைப் பிக்சல் பிக்சலாக எண்ணி வரைபடமாக்குங்கள்.

நாணல்:

அக்கா, இதை இரண்டு தடவை வாசித்தேன். தனித்தனி ஓட்ட வழி பிரமாதம், நேற்று இரவே ஐந்து ராஸ்டரும் எடுத்துவிட்டேன், கூட்டிப் பார்த்ததில் அசலோடு பொருந்துகிறது.

இரண்டு சந்தேகம். முதலாவது கே. மாதிரியில் இயல்பாக 0.05 கிடக்கிறது. முதல் ஓட்டத்தில் வரும் உச்சச் சீரழிவின் பாதியை வை என்று சொல்கிறார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு பங்கீட்டுக்கும் கே மாறவேண்டுமா?

இரண்டாவது மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் சரிந்த அந்தக் குப்பைமேடு. இப்போது அங்கே குப்பை கொட்டுவதில்லை. அதை அச்சுறுத்தல் லேயரில் வைப்பதா, எடுப்பதா? கொலன்னாவைச் சதுப்பின் முடிவு அதில்தான் தொங்குகிறது.

கூழைக்கடா:

இடையில் வருகிறேன், நான் மாதிரி ஓட்டுபவன் இல்லை, பறவை பார்ப்பவன். யாருடைய வாழிடம் என்று முதலில் சொல்லுங்கள் தங்கச்சி.

தலங்கம குளத்தில் காலையில் நின்றால் நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் நீண்ட விரல்களை வைத்து வைத்து நடக்கிறது. ஆகாயத்தாமரையின் மேலும் அது நடந்து இரை பொறுக்கும். திறந்த நீரில் முக்குளிக்கும் பறவைக்கோ அதே ஆகாயத்தாமரை வாசலை அடைத்த மாதிரி. மீன்பிடிப் பூனையை எடுங்கள். கொழும்பில் அதற்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்தபோது, வீட்டுத் தோட்டங்களுக்குள்ளும் கூரைகளின் மேலும் அது நடமாடுவது தெரியவந்தது. தொட்டியில் வளர்த்த அலங்கார மீன்களையும் பிடித்துப் போயிருக்கிறது. அதற்குக் கட்டடம் 1.0, பிரதான வீதி 0.8 என்பது தலைகீழ் என்றுதான் நான் சொல்வேன். வாகனத்தில் அடிபடுவதுதான் அதன் பெரிய ஆபத்து. நாணலுக்குள் கூடு வைக்கும் நீலத் தாழைக்கோழிக்கு உங்கள் எண்கள் கொஞ்சம் பொருந்தும்.

நீங்கள் படிவம் கொடுத்தவர்களில் ஒருவர் பூனையை நினைத்தும் இன்னொருவர் பறவையை நினைத்தும் எண் போட்டிருந்தால் அந்தச் சராசரி எந்த உயிரினத்துக்கும் உரியதில்லை.

பள்ளிக்கரணைக்காரன்:

சென்னையிலிருந்து. எங்களுக்கும் இதே கதைதான். பள்ளிக்கரணை 2022ல் ராம்சார் தலம் ஆனது, ஆனால் பெருங்குடி குப்பைக் கிடங்கு அந்தச் சதுப்பு நிலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குப்பையிலிருந்து ஊறும் கழிவுநீர் வட்டம் போட்டுப் பரவாது. தண்ணீர் போகிற வழியில்தான் போகும். மேட்டுப்பக்கம் 200 மீட்டரில் இருக்கும் இடத்துக்கு ஒன்றும் ஆகாது, வாய்க்கால் வழியே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடம் கெட்டுப்போகும். மாதிரியின் தேய்வு தூரத்தை மட்டும்தான் பார்க்கிறது. நிறையை எத்தனை ஆயிரம் தடவை குலுக்கினாலும் இந்தத் தவறு வெளியே வராது. குப்பை லேயரை இரண்டு விதமாக வரைந்து பாருங்கள்: ஒன்று கிடங்கு மட்டும், இன்னொன்று கிடங்கும் அதிலிருந்து இறங்கும் வாய்க்கால்களும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிறையால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், நிறையைப் பற்றிக் கவலைப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வேரஸ்_ஓரம்:

சென்னைத் தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள். மீதொட்டமுல்லக் கேள்விக்கும் அதுதான் பதில். கொட்டுவதை நிறுத்தியதும் குப்பைக்குள் இருப்பது காணாமல் போவதில்லை, மழை பெய்தால் ஊறிக்கொண்டுதான் இருக்கும். வைப்பதா எடுப்பதா என்று நீங்கள் தீர்மானிக்கவேண்டாம். மேடு இல்லாமல், மேட்டோடு, மேடும் கால்வாயும் சேர்த்து என்று மூன்று லேயர் வைத்து, ஒவ்வொரு பங்கீட்டையும் மூன்றோடும் ஓட்டுங்கள். கொலன்னாவையில் எது கூடுதலாக ஆட்டுகிறது என்பது தானே தெரியும்.

கே பற்றி: மாற்றாதீர்கள். அடிப்படை ஓட்டத்தில் ஒருக்கா நிர்ணயித்து, எல்லாப் பங்கீட்டுக்கும் அதையே வைத்திருங்கள். ஒவ்வொரு தடவையும் உச்சத்தின் பாதிக்கு மாற்றினால், சீரழிவு எவ்வளவு கூடினாலும் அளவுகோலும் கூடவே நீண்டுவிடும், ஒன்றும் மாறாதது போலத் தெரியும். பிறகு தனியாக, வேறு கே எண்களோடு முழுவதையும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். ஒரே நிலப்பரப்பு வகைக்குள் கே மாறினால் வரிசை மாறாது. ஆனால் திறந்த நீரும் நாணலும் வெவ்வேறு வாழிடப் பொருத்தம் கொண்டவை என்றால், அவற்றுக்கு இடையே யார் முன்னால் என்பது கேயால் மாறலாம். முதல் ஐந்தில் ஒரு பங்கைத் தெரிவு செய்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

கே எங்கே இருக்கிறது என்பதுதான் எந்தப் பிக்சல் நடுங்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. பொருத்தம் 1 உள்ள ஒரு பிக்சலை எடுங்கள். அதன் சீரழிவு கேயில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் தரம் 0.98. சீரழிவை 10% கூட்டினால் 0.005கூட இறங்காது. சீரழிவு கேக்குச் சமமாக இருந்தால் தரம் 0.50, அதே 10%க்கு 0.06 இறங்கும். இரண்டு மடங்கு கேயில் தரம் 0.15, இறக்கம் 0.03ஐ ஒட்டி. எல்லாவற்றையும்விடச் செங்குத்தான இடம் கேயில் ஏறக்குறைய 0.7 பங்கில் வரும். 0.05ஐ அப்படியே விட்டிருந்தால், 5 கி.மீ. கட்டட லேயரோடு உங்கள் சதுப்பு முழுவதும் வளைவின் அடிப்பக்கம் போய்ப் படுத்திருக்கும். அங்கே எதை ஆட்டினாலும் அசையாது. அத்திடியக் கரையும் உட்சதுப்பும் ஒரே நிறமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும், பாருங்கள்.

கூழைக்கடா அண்ணன் சொன்னது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கவேண்டியது. படிவங்களை மறுபடி கொடுப்பது கஷ்டம் என்றால், கொடுத்தவர்களிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேளுங்கள்: எந்த உயிரினத்தை மனதில் வைத்து எண் போட்டீர்கள்? நீலத் தாழைக்கோழிக்கு ஒரு அட்டவணை, மீன்பிடிப் பூனைக்கு ஒன்று. பூனையின் அட்டவணையில் வீட்டுத் தோட்டங்களின் பொருத்தம் பூச்சியமாக இருக்கக்கூடாது. ஜோடி ஜோடியாக ஒப்பிடும் சாத்தியின் முறையில் நிறை வாங்கினால், இணக்க விகிதம் (விடைகள் ஒன்றோடொன்று முரண்படும் அளவு) 0.1க்கு மேல் போகிறவரின் விடையைத் தனியாக எடுத்து அவரோடு கதையுங்கள், எறியாதீர்கள். பல தடவை அவர் இரண்டு உயிரினத்தை ஒரே நேரத்தில் நினைத்திருப்பார்.

அணுகல் லேயரையும் (எங்கே எவ்வளவு பாதுகாப்பு என்று மாதிரிக்குச் சொல்வது) ஒருக்கா பாருங்கள். சரணாலயம் என்பதற்காக அங்கே அச்சுறுத்தல் குறைவு என்று எண் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பெல்லன்வில - அத்திடிய 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது உண்மை, ஆனால் சரணாலயம் என்ற வகைக்குள் தனியார் காணிகளும் இருக்கலாம், தேசியப் பூங்காவின் காவல் அங்கே கிடையாது.

நாணல்:

செய்து பார்த்தேன். எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

கட்டடத் தூரத்தைக் குறைத்ததும் சரணாலயத்துக்குள் முதல் தடவையாக நிற வேறுபாடு வந்தது. சிறு வீதி லேயரும் கட்டட லேயரும் ஏறக்குறைய ஒன்றுதான், அவற்றை ஒரு குழுவாக்கிவிட்டேன். எத்தனை பங்கீட்டில் ஒவ்வொரு பிக்சலும் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிற்கிறது என்ற வரைபடம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உட்சதுப்பின் நாணல் பகுதி எந்தப் பங்கீட்டிலும் அசையவில்லை. அத்திடியக் கால்வாயோரப் பட்டி மட்டும் வந்து வந்து போகிறது, போவதும் வருவதும் முழுக்க ஆக்கிரமிப்புத் தாவரத்தின் பங்கைப் பொறுத்தது. கொலன்னாவையில் நிறை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கால்வாயைச் சேர்த்ததும் சேர்க்காததும்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

பூனை அட்டவணையில் படம் வேறு. கால்வாயோரம் மேலே வருகிறது, பிரதான வீதி ஓரம் கீழே போகிறது. இப்போது கையில் இரண்டு வரைபடங்கள். ஒன்றை மட்டும் கொடு என்று கேட்பார்கள். சராசரி எடுக்கவா?

வேரஸ்_ஓரம்:

எடுக்காதீர்கள். இரண்டையும் கொடுங்கள், இரண்டிலும் அசையாமல் நிற்கும் பகுதியை மூன்றாவதாகக் கொடுங்கள். நிரப்ப அனுமதி கேட்டு ஒரு கோப்பு வரும்போது மேசையில் இருப்பவருக்குத் தேவைப்படுவது அந்த மூன்றாவதுதான். எந்த நிறையோடு வாதாடினாலும் அந்த இடம் பட்டியலில் இருந்து இறங்காது என்று அவர் சொல்ல முடியும்.

அத்திடியப் பட்டிக்கு நேரே போங்கள். நிறை தீர்மானிக்க முடியாததைக் கண்தான் தீர்மானிக்கவேண்டும். அனோனா அடைத்த துண்டிலும் திறந்த துண்டிலும் ஒரே நேரத்தில், ஒரே நிமிடக் கணக்கில் புள்ளிக் கணக்கெடுப்பு (ஓரிடத்தில் நின்று பறவைகளை எண்ணுவது) செய்யுங்கள். பறவை பார்ப்பவர்கள் இணையத்தில் இடும் ஈபேர்ட் பதிவுகளை மட்டும் நம்பவேண்டாம், அவை நடைபாதை உள்ள இடத்தில்தான் குவிந்திருக்கும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், முடிந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். பறவைகள் உங்கள் ஆக்கிரமிப்பு நிறை எங்கே இருக்கவேண்டும் என்று ஓரளவு சொல்லிவிடும், அப்போது டிரிஷ்லே சிதறலைச் சுருக்கலாம்.

ஆய்வறிக்கையில் "பாதிக்கப்படவில்லை" என்ற சொல் வேண்டாம். எந்த வீச்சுக்குள், எந்தத் தூரங்களோடு, எந்த உயிரினத்துக்கு, எந்தப் பரப்பு நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று எழுதுங்கள். எழுமாற்று விதை எண்ணையும் (அதே எழுமாறான பங்கீடுகளைத் திரும்ப எடுக்க உதவுவது) இன்வெஸ்ட் பதிப்பையும் பின்னிணைப்பில் போடுங்கள், அடுத்தவர் அதே படத்தை எடுத்துப் பார்க்கட்டும்.

கூழைக்கடா:

கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன் தங்கச்சி. அத்திடியக் கரை காலை ஆறு மணிக்கு. ஆறரைக்குப் பிறகு வீதிச் சத்தம் ஏறிவிடும், நாணலுக்குள் இருப்பது கேட்காது. பூட்ஸ் போட்டு வாருங்கள்.